எக்செல் குறுக்குவிசை (ஷார்ட்கட்) கேட்க மாட்டேன் என்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை மாறி வெகுகாலம் ஆனாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் தோட்ட எழுத்தர்களான கிராணிமார் கையால் எழுதிய செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேடு இப்போது எக்செல்லில் ஓடுகிறது. ஊழியர் சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதனால் மாதத்தின் முதல் பாதியில்தான், “அண்ணே, இந்த விசை வேலை செய்யல” என்ற அழைப்புகள் அதிகம் வருகின்றன.

குறுக்குவிசை தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். வழியில் வேறு ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொள்கிறது. எது பிடித்தது என்று பார்க்காமல் புது விசை அமைத்தால், அதையும் வேறொன்று பிடித்துக்கொள்ளும்.

விசையை அழுத்தியதும் அது முதலில் விசைப்பலகையைத் தாண்ட வேண்டும். அப்புறம் விண்டோஸ், பின்னணியில் ஓடும் மென்பொருள்கள், எக்செல், கடைசியாகத் திறந்திருக்கும் கோப்பு. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். விண்டோஸ்+கன்ட்ரோல்+ஓ அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை வரும். நீங்கள் கையால் அழுத்தும் விசை அதில் ஒளிர்ந்தால் விசைப்பலகை மேல் குற்றமில்லை. அடுத்து எல்லாக் கோப்பையும் மூடிவிட்டு ஒரு வெற்றுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் சிக்கல் உங்கள் கோப்பில் இருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே எக்செல்லைத் திறங்கள். பாதுகாப்பு நிலையில் திறக்கட்டுமா என்று கேட்கும். அதில் வேலை செய்தால் ஏதோ ஓர் ஆட்-இன் (கூடுதலாகச் சேர்த்த செருகுநிரல்) அல்லது மேக்ரோ (பதிவு செய்து வைத்த கட்டளைத் தொடர்) குறுக்கே நிற்கிறது. பாதுகாப்பு நிலையிலும் இல்லையென்றால் விண்டோஸையும் பின்னணி மென்பொருள்களையும் சந்தேகியுங்கள்.

“எக்செல்லில் விசையை மாற்றும் இடமே காணோம்”

தேட வேண்டாம், இல்லை. வேர்டில் ஆப்ஷன்ஸுக்குள் விசைகளை மாற்றும் பொத்தான் உண்டு. விண்டோஸ் எக்செல்லில் அது கிடையாது. மேக் கணினி எக்செல்லில் டூல்ஸ் மெனுவுக்குள் கஸ்டமைஸ் கீபோர்டு என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்புகளைப் படித்துத்தான் பலர் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

விண்டோஸில் மூன்று மாற்று வழிகள் உள்ளன. எளியது குவிக் ஆக்சஸ் டூல்பார், அதாவது கட்டளைகளை நாமே சேர்த்து வைக்கும் சிறு பட்டை. வேண்டிய கட்டளையின் மேல் வலது சொடுக்கு போட்டு அந்தப் பட்டைக்குள் சேர்த்துவிட்டால், முதல் ஒன்பது கட்டளைகளுக்கும் ஆல்ட்+1 முதல் ஆல்ட்+9 வரை விசை கிடைத்துவிடும். சேமி, செயல்தவிர் போன்றவை ஏற்கெனவே முதல் எண்களில் உட்கார்ந்திருக்கும். ஆப்ஷன்ஸுக்குள் போய் அம்புக்குறியால் மேலே கீழே நகர்த்தி, அதிகம் தேவைப்படுவதை முன்னே கொண்டுவாருங்கள். செக்ரோல் போடுபவருக்கு நான் முதலில் வைத்துத் தருவது மதிப்பை மட்டும் ஒட்டும் கட்டளை. அடுத்தது வடிகட்டியை நீக்குவது.

இரண்டாவது வழி மேக்ரோ. ஆல்ட்+எஃப்8 அழுத்தி, மேக்ரோவைத் தேர்ந்து, ஆப்ஷன்ஸ் பொத்தானில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் அது கன்ட்ரோலோடு சேர்ந்து வேலை செய்யும். பெரிய எழுத்தாகக் கொடுத்தால் கன்ட்ரோல்+ஷிஃப்ட். எண் ஏற்காது, எழுத்துதான்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற துணை மென்பொருளில் இருக்கும் கீபோர்டு மேனேஜர். ஒரு குறுக்குவிசையை இன்னொன்றாக மாற்றி, அந்த மாற்றம் எக்செல்லுக்கு மட்டும் என்று வரையறுக்கலாம். ஆனால் பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது பலிக்கும். காலையில் கணினியைத் திறந்ததும் விசை மாறவில்லை என்றால், பவர்டாய்ஸ் தானாகத் தொடங்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

“எஃப்4 அடித்தால் டாலர் குறி வரவில்லை, ஒலி கூடுகிறது”

மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் என்று அமைந்தே வருகின்றன. எஃப்என் விசையோடு சேர்த்து எஃப்4 அழுத்துங்கள். டாலர் வந்துவிட்டால், பல மாடல்களில் எஃப்என்+எஸ்கேப் அழுத்தி அந்த நிலையை நிரந்தரமாகப் பூட்டலாம். அது எடுபடவில்லை என்றால் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் மாற்ற வேண்டும்.

ஒலி கூடாமல், டாலரும் வராமல் இருந்தால் நீங்கள் சூத்திரத்துக்குள் இல்லை என்று அர்த்தம். எஃப்2 அழுத்தி உள்ளே போய், செல் முகவரியின் மேல் கர்சரை வைத்த பிறகுதான் எஃப்4 டாலர் போடும். வெளியே நின்று அழுத்தினால் கடைசியாகச் செய்த வேலையை மறுபடி செய்யும்.

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சம்பளம் வாங்கும், 60 வயதுக்குட்பட்ட உள்ளூர்த் தொழிலாளருக்குச் சேமநிதி தொழிலாளர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. ஆனால் அதை நேரடியாகப் பெருக்கிப் போட முடியாது. சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், 5,000 வெள்ளி வரை 20 வெள்ளிப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும் தொகையைப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் எல்லா அலுவலகத்திலும் அட்டவணை ஒரு தாளில், அதில் தேடி எடுக்கும் வீலுக்கப் சூத்திரம் இன்னொரு தாளில்.

அட்டவணை முகவரிக்கு டாலர் போடாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரிக்கும் அட்டவணை ஒரு வரி கீழே நழுவும். ஆபத்து என்னவென்றால் தப்பு உடனே தெரியாது. 1,700 வெள்ளிக்குரிய படி அட்டவணையில் எண்பதாவது வரியைத் தாண்டி இருப்பதால், மேலே உள்ள பல பேருக்கும் சரியான தொகையே வரும். மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் பேர் போட்டு வேலை செய்து குறைந்த சம்பளம் வாங்கியவரின் வரியில்தான் முதலில் பிழை முளைக்கும். “அவருடைய சம்பளத்தில்தான் ஏதோ கோளாறு” என்று அந்த ஒரு வரியை மட்டும் கையால் திருத்திவிட்டுப் போகிறார்கள். நழுவல் அப்படியே கிடக்கும்.

எஃப்4 நம்பகமாக இல்லாத கணினியில் இதற்கு நல்ல தீர்வு, அட்டவணை முழுவதையும் தேர்ந்து அதற்கு ஒரு பெயர் வைப்பது. கன்ட்ரோல்+எஃப்3 அழுத்தினால் பெயர் மேலாளர் திறக்கும். சூத்திரத்தில் முகவரிக்குப் பதில் அந்தப் பெயரை எழுதினால் டாலரே தேவையில்லை.

“எஃப்2 அடிக்கப் போய் எஃப்1 பட்டு உதவிப் பக்கம் திறக்கிறது”

மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ தெரிந்தவரிடம் சொல்லி, எக்செல்லோடு மறைவாகத் திறக்கும் பர்சனல் மேக்ரோ கோப்பு திறக்கும்போது ஆன்கீ கட்டளை எஃப்1க்கு வெற்று மேற்கோள் கொடுக்குமாறு எழுதிவிடுங்கள். எக்செல்லில் எஃப்1 ஊமையாகிவிடும். அதே கட்டளையை விசையின் பெயரோடு மட்டும் எழுதினால் பழைய வேலை திரும்பும். வெற்று மேற்கோளுக்கும் எதுவுமே எழுதாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

“ஆல்ட்+1 அடித்தால் தமிழ் வருகிறது”

இது நம்மவர் கணினிக்கே உரிய நோய். கோயில் நிர்வாகக் கணக்கு, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கக் கடிதம் என்று அதே கணினியில் தமிழும் தட்டுவார்கள். தமிழ் தட்டும் மென்பொருளான என்.எச்.எம். ரைட்டர் நிறுவியிருந்தால் ஆல்ட்+0 ஆங்கிலம், ஆல்ட்+1 தமிழ்99 விசைத்தளம் என்று அது விசைகளை எடுத்து வைத்திருக்கும். எக்செல்லின் ஆல்ட் எண்களும் அவையே. பின்னணியில் இருக்கும் மென்பொருள் முந்திக்கொள்ளும்.

ரைட்டரின் அமைப்பில் அந்த விசைகளை மாற்றிவிடலாம். அதைத் தொட விருப்பமில்லையா? ஆல்ட்டை ஒருமுறை தட்டிவிட்டு விரலை எடுங்கள். பட்டையில் எண்கள் தெரியும். இப்போது 1 அழுத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காததால் ரைட்டர் கண்டுகொள்ளாது. ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போய்விடும்.

ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலதுபக்க எண்தளத்தில் 1 அடித்தால் செல்லில் சிரித்த முகம் ஒன்று வந்து விழலாம். எண்தளத்தில் ஆல்ட்டோடு எண் அடிப்பதை விண்டோஸ் எழுத்துக் குறியீடாக எடுத்துக்கொள்கிறது. மேல்வரிசை எண்ணையே பயன்படுத்துங்கள்.

“கன்ட்ரோல்+ஸ்பேஸ் அடித்தால் நெடுவரிசை தேர்வாகவில்லை”

கணினியில் சீன உள்ளீடு இருக்கிறதா பாருங்கள். பட்டணத்துக் கடையில் வாங்கிய பழைய கணினியாக இருந்தால் பெரும்பாலும் இருக்கும். சீன உள்ளீட்டை நிறுத்தவும் தொடங்கவும் கன்ட்ரோல்+ஸ்பேஸ்தான் பழைய வழக்கம். சீனம் தட்டுபவர் யாரும் இல்லையென்றால் மொழி அமைப்பிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். தட்டுபவர் இருந்தால் உள்ளீட்டின் விசை அமைப்பில் அந்த ஒரு விசையை மட்டும் அணைத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இதே வகைதான் ஆல்ட்+ஷிஃப்ட், கன்ட்ரோல்+ஷிஃப்ட். விண்டோஸ் இவற்றை மொழி மாற்றவும் விசைத்தளம் மாற்றவும் வைத்திருக்கிறது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்டோடு ஏதாவது அழுத்தப் போய் பாதியில் விரலை எடுத்தால் தட்டுவது திடீரென்று வேறு மொழியில் வரும். விண்டோஸ்+ஸ்பேஸ் ஒன்று இருந்தால் மொழி மாற்றப் போதும். மற்ற இரண்டையும் மேம்பட்ட விசைப்பலகை அமைப்பில் நீக்கிவிடலாம்.

“மேக்ரோ விசை நேற்று வேலை செய்தது, இன்று இல்லை”

நிலைப்பட்டையின் இடது மூலையைப் பாருங்கள். அங்கே எடிட் என்றோ என்டர் என்றோ இருந்தால் நீங்கள் ஒரு செல்லுக்குள் இருக்கிறீர்கள், மேக்ரோ ஓடாது. எஸ்கேப் அழுத்தி ரெடி என்று வந்ததும் மறுபடி முயலுங்கள்.

அது இல்லையென்றால் கோப்பின் பின்னொட்டைப் பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்திருந்தால் மேக்ரோ போய்விட்டது. சேமிக்கும்போது எக்செல் எச்சரித்திருக்கும். யாரும் படிக்காமல் சரி என்று அழுத்தியிருப்பார்கள். மேக்ரோ உள்ள கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் போன்ற, மேக்ரோ ஏற்கும் வகையில்தான் சேமிக்க வேண்டும்.

பின்னொட்டும் சரி என்றால், கோப்பு எப்படி வந்தது? மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் ஆபிஸ் தடுத்துவைக்கிறது. கோப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், கீழே அன்பிளாக் கட்டத்தில் குறியிட்டுத் திறக்கலாம். அனுப்பியவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். “தலைமை அலுவலகத்திலிருந்து” என்று சொல்லி வருவதெல்லாம் அங்கிருந்து வந்தவை அல்ல.

எல்லாக் கோப்பிலும் ஒரே மேக்ரோ விசை வேண்டுமென்றால் அதைப் பதிவு செய்யும்போதே பர்சனல் மேக்ரோ கோப்பில் வையுங்கள். எக்செல் திறக்கும்போதெல்லாம் அது மறைவாகத் திறக்கும். ஒருநாள் எக்செல் திடீரென மூடிக்கொண்டு, மறுநாள் எந்த மேக்ரோவும் இல்லையென்றால், எக்செல் அந்தக் கோப்பை ஒதுக்கி வைத்திருக்கலாம். ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ், கீழே டிசேபிள்டு ஐட்டம்ஸ் என்று தேர்ந்து கோ அழுத்தினால் பட்டியலில் அது இருக்கும். திரும்ப இயக்கிவிடுங்கள்.

“கன்ட்ரோல்+எஸ் அடித்தேன், சேமிக்காமல் வேறு என்னமோ செய்கிறது”

திறந்திருக்கும் ஏதோ ஒரு கோப்பில் யாரோ ஒரு மேக்ரோவுக்கு எஸ் எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மேக்ரோ விசை எக்செல்லின் சொந்த விசையை மிதித்துவிடும். அதுவும் அந்தக் கோப்பு திறந்திருக்கும்வரை எல்லாக் கோப்புகளிலும். ஆல்ட்+எஃப்8இல் போய் அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள். கூடவே ஒரு கெட்ட செய்தி: மேக்ரோ ஓடி தாளை மாற்றியபின் பழைய செயல்தவிர் பட்டியல் அழிந்துவிடும். கன்ட்ரோல்+இசட் காப்பாற்றாது. சேமிக்காமல் மூடிவிட்டு முந்தைய நிலைக்குப் போவதுதான் வழி.

என் கருத்தில் சி, வி, எக்ஸ், இசட், எஸ், பி ஆகிய எழுத்துகளை மேக்ரோவுக்குக் கொடுக்கவே கூடாது. கன்ட்ரோல்+ஷிஃப்ட் வரிசையில் காலியான எழுத்துகள் இருக்கின்றன. பொதுக் கணினியில் ஒருவர் வசதிக்காக மாற்றிய விசை, அடுத்த வேளை வந்து உட்காரும் கிராணியின் வேலையைக் கெடுக்கும்.

லிப்ரெஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு

சிறு குத்தகையாளர்கள் பலர் உரிமக் கட்டணம் இல்லாததால் கால்க் பயன்படுத்துகிறார்கள். விசை மாற்றும் விஷயத்தில் எக்செல்லைவிட அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு என்று போனால் எல்லா விசையும் பட்டியலாக இருக்கும். விசையைத் தேர்ந்து, கீழே கட்டளையைத் தேர்ந்து, அசைன் அழுத்த வேண்டும். பழைய பதிப்பில் அந்தப் பொத்தான் மாடிஃபை.

மாற்றியும் பலனில்லை என்றால் வலது மேல் மூலையைப் பாருங்கள். லிப்ரெஆபிஸ், கால்க் என்று இரண்டு தேர்வுகள் உண்டு. நீங்கள் லிப்ரெஆபிஸில் மாற்றியிருப்பீர்கள், கால்க்கில் அதே விசைக்கு வேறு வேலை இருக்கும். கால்க்கில் இருப்பதுதான் வெல்லும். மங்கலாகத் தெரியும் விசைகளை மாற்றவே முடியாது. எஃப்1 அதில் ஒன்று.

எக்செல்லிலிருந்து வந்தவர்கள் அதிகம் திணறுவது என்டரில். ஒரே செல்லுக்குள் அடுத்த வரிக்குப் போக எக்செல்லில் ஆல்ட்+என்டர், கால்க்கில் கன்ட்ரோல்+என்டர். தேர்ந்த பகுதி முழுவதையும் ஒரே மதிப்பால் நிரப்புவது எக்செல்லில் கன்ட்ரோல்+என்டர், கால்க்கில் ஆல்ட்+என்டர். இரண்டும் அப்படியே தலைகீழ். தொழிலாளியின் முகவரியை இரண்டு வரியாக எழுத நினைத்து ஆல்ட்+என்டர் அடித்தவர், தேர்ந்திருந்த வரிகள் முழுவதும் அதே முகவரி நிரம்பிக் கிடப்பதைப் பார்ப்பார். கால்க்கில் கன்ட்ரோல்+இசட் உடனே மீட்டுவிடும்.

பேக்ஸ்பேஸ் அடித்தால் எதை அழிக்க என்று ஒரு பெட்டி கேட்கிறதா? அது கால்க்கின் இயல்பு. உடனே அழிக்க டெலிட் விசை. இரண்டும் மாறி வேலை செய்தால் ஆப்ஷன்ஸில் கால்க், கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் விசை அமைப்பு பழைய ஓப்பன் ஆபிஸ் முறைக்கு மாறியிருக்கும். டிஃபால்ட் ஆக்குங்கள்.

சட்டென்று தீரும் சில

எக்செல்லில் அம்பு விசை அடித்தால் செல் நகராமல் தாள் நகர்கிறது: ஸ்க்ரோல் லாக். விசைப்பலகையில் அந்த விசை இல்லையென்றால் திரை விசைப்பலகையில் இருக்கும்.

ஹோம் அடித்தால் வரியின் தொடக்கத்துக்குப் போகாமல் ஏ1க்கு ஓடுகிறது: ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தின் கடைசியில் லோட்டஸ் பழைய விசைமுறை இயக்கத்தில் இருக்கும், குறியை எடுங்கள். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 இன்னும் எக்செல்லுக்குள் குடியிருக்கிறது.

கன்ட்ரோலை ஒருமுறை தட்டினாலே பிடித்தபடி நிற்கிறது: ஷிஃப்ட்டை ஐந்து முறை அழுத்தி ஸ்டிக்கி கீஸ் இயங்கியிருக்கும்.

கன்ட்ரோலோடு அரைப்புள்ளி அடித்தால் தேதியில் மாதம் முன்னால் வருகிறது: விசை சரி, விண்டோஸின் வட்டாரம் அமெரிக்காவாக இருக்கிறது. மலேசியாவுக்கு மாற்றுங்கள். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். 5ஆம் மாதம் 6ஆம் தேதி எடைச்சீட்டு, 6ஆம் மாதக் கணக்கில் போய் உட்காரும்.

கூகுள் ஷீட்ஸில்

உலாவிக்குள் ஓடுவதால் பாதி விசைகளை உலாவியே எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல்+/ அழுத்தி, வரும் பெட்டியின் அடியில் பிற விரிதாள்களுக்கு ஒத்த விசைகளை இயக்கும் தேர்வை ஆன் செய்தால் எக்செல் பழக்கத்தில் பல விசைகள் கிடைக்கும். சொந்த விசை வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன்ஸில் மேக்ரோ பதிவு செய்து கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்டோடு 0 முதல் 9 வரை ஓர் எண் கொடுக்கலாம். பத்துக்கு மேல் இல்லை. எப்போதும் ஒரே செல்லில் போய் எழுதுகிறது என்றால், பதிவு செய்யும்போது ரிலேட்டிவ் என்பதைத் தேர்ந்திருக்க மாட்டீர்கள். மறுபடி பதிவு செய்யுங்கள்.

“கணினி மாற்றினோம், என் விசைகள் எல்லாம் போச்சு”

எக்செல்லின் குவிக் ஆக்சஸ் பட்டை அந்தக் கணினியில், அந்தப் பயனர் பெயருக்கு மட்டும் உரியது. பழைய கணினியைக் கொடுப்பதற்கு முன் ஆப்ஷன்ஸில் பட்டைப் பக்கத்தின் அடியில் உள்ள இம்போர்ட் எக்ஸ்போர்ட் வழியாக ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பர்சனல் மேக்ரோ கோப்பை எக்ஸ்எல்ஸ்டார்ட் அடைவிலிருந்து தனியாக நகலெடுக்க வேண்டும், அது அந்த எக்ஸ்போர்ட்டில் வராது. கால்க்கில் கீபோர்டு பக்கத்திலேயே சேவ், லோடு இருக்கிறது. பக்கத்தில் உள்ள ரீசெட்டைத் தொடுவதற்கு முன் சேவ் போட்டுவிடுங்கள்.